நீர்நிற மர அச்சு: சென்னைக் காற்றில் நிறங்கள் விலகுவது ஏன்?

பெரம்பூர் உளி | நவம்பர் 9, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஜூன் மாதம் தொடங்கிய ஒரு மர அச்சு வேலை, முடிய வேண்டிய இடத்தில் நின்றுபோயிருக்கிறது. காசிமேட்டில் கரையேற்றி வைத்த படகுகளின் காட்சி அது. கோடுகளுக்கு ஒரு பலகை, மஞ்சள், நீலம், காவி ஆகிய நிறங்களுக்கு மூன்று பலகைகள் என மொத்தம் நான்கு. நான்கையும் ஒரே தேக்குப் பலகையிலிருந்து அறுத்து, ஜூனிலேயே செதுக்கி முடித்துவிட்டேன். படத்தின் அளவு 300 மில்லிமீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் உயரம். ஜப்பானியர் முறைப்படி நீரில் கரைத்த நிறத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பலகையில் தேய்த்து, ஈரத்தாளை மேலே வைத்துக் கையால் அழுத்தி எடுக்கிறேன். தாளை இடம் மாறாமல் வைப்பதற்காக ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையில் 'ட' வடிவிலும், கீழ் ஓரத்தில் நேர்கோடாகவும் கென்டோ எனப்படும் இரு பள்ளங்களை வெட்டியிருக்கிறேன்.

ஜூனில் எடுத்த சோதனை அச்சில் நிறங்கள் கோட்டுக்குள் சரியாக அமர்ந்தன. அதன் பிறகு அலுவலக வேலைகளால் தொடர முடியவில்லை. சென்ற வாரம் மழையின் நடுவே மீண்டும் அச்சிட்டபோது, கென்டோ மூலைக்கு அருகில் எல்லாம் பொருந்துகின்றன. எதிர்மூலையை நோக்கிச் செல்லச் செல்ல நிறம் கோட்டை விட்டு விலகுகிறது. கடைசிப் படகின் முனையில் நீலம் 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. தாளை வைப்பதில் என் கை தவறுகிறதா என்று ஐயுற்று, ஒரே நாளில் பதினான்கு தாள்களை எடுத்துப் பார்த்தேன். பதினான்கிலும் விலகல் ஒரே அளவில்தான் இருக்கிறது. பலகைகளைக் கைவிட மனம் வரவில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

நிறமாலை | நவம்பர் 9, இரவு 10.40

பதினான்கிலும் ஒரே விலகல் என்றால் அது கைத்தவறு அன்று. கை தவறினால் ஒவ்வொரு தாளிலும் வெவ்வேறு பக்கமாக நகர்ந்திருக்கும். தாளைத்தான் முதலில் ஐயுறுவேன். எந்தத் தாள்? எவ்வளவு நேரம் நனைத்தீர்கள்? இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதால், நனையும்போது அது அந்தத் திசையில் அதிகம் நீளாது, குறுக்கே நன்றாக விரியும். கையால் செய்த தாள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் விரியும். முதல் நிறம் அச்சிடும்போது நன்கு ஈரமாக இருந்த தாள், மூன்றாம் நிறத்துக்கு வருவதற்குள் மின்விசிறிக் காற்றில் பாதி உலர்ந்திருந்தால் உங்கள் 2 மில்லிமீட்டருக்கு அதுவே போதும்.

நான் எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் எண்ணெய் மையில் உலர்ந்த தாளின் மீது அச்சிடவே பழகியிருந்தோம். அங்கு இந்தச் சிக்கல் எழவே இல்லை. நீர்நிறத்துக்கு மாறியபோதுதான் தாளின் ஈரத்தைக் காப்பதும் உளியைப் போலவே ஒரு கருவி என்பது எனக்குப் புரிந்தது.

பெரம்பூர் உளி | நவம்பர் 10, காலை 6.50

நன்றி. புதுச்சேரியில் செய்யப்படும் பருத்திக் கைத்தாளைத்தான் பயன்படுத்துகிறேன். முந்தைய இரவே நனைத்து, உறிஞ்சுதாள்களுக்கு இடையே அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் பிறகு மீண்டும் உறைக்குள் வைக்கிறேன். இருப்பினும் நீங்கள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு தாளில் பென்சிலால் 250 மில்லிமீட்டர் கோடு ஒன்றை இழுத்து, நான்கு அச்சுகளுக்கும் முன்னும் பின்னும் அளந்தேன். மாற்றம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மீதி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். மூன்று நிறங்களும் ஒன்றுக்கொன்று துல்லியமாகப் பொருந்துகின்றன. கோட்டுப் பலகையோடு மட்டுமே பொருந்தவில்லை.

இழைப்புளி | நவம்பர் 10, காலை 8.05

தம்பி, கோட்டுப் பலகையில் மர ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது? நிறப் பலகைகளில் எந்தப் பக்கம்?

பெரம்பூர் உளி | நவம்பர் 10, காலை 8.30

ஐயா, கோட்டுப் பலகையில் ரேகை இடமிருந்து வலமாக ஓடுகிறது. படகுகளின் நீண்ட விளிம்புகளை ரேகையோடு சேர்த்துச் செதுக்க எளிதாக இருக்கும் என்று அப்படி அறுத்தேன். மீதமிருந்த பலகையில் மூன்று துண்டுகள் வர வேண்டும் என்பதற்காக நிறப் பலகைகளை நெட்டாக அறுத்தேன். அவற்றில் ரேகை மேலிருந்து கீழாக ஓடுகிறது.

இழைப்புளி | நவம்பர் 10, மதியம் 1.20

அப்படியென்றால் உங்கள் உளியிலும் தவறில்லை, தாளிலும் தவறில்லை. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதவு மேலும் கீழும் இடிப்பதில்லை, பக்கவாட்டில்தான் பிடிக்கும். மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே பெருகும், ரேகையின் நீளத்தில் பெருகுவது கண்ணுக்கே தெரியாது. உங்கள் கோட்டுப் பலகை உயரத்தில் பெருகியிருக்கிறது; நிறப் பலகைகள் அகலத்தில் பெருகியிருக்கின்றன. ஒரே மரத்தில் பிறந்தவை இரண்டு திசைக்குப் போய்விட்டன.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மரத்தின் ஆண்டு வளையங்களைத் தொட்டுச் செல்லும்படி அறுத்த தேக்குப் பலகை, அதன் உள் ஈரம் 1 சதவீதம் ஏறினால் குறுக்கே ஏறத்தாழ 0.19 சதவீதம் பெருகும். ஜூன் மாதத்து மேல்காற்றில் காய்ந்து கிடந்த பலகை, ஐப்பசி மழையில் 4 சதவீதம் ஈரத்தை ஏற்றிருந்தால் 300 மில்லிமீட்டர் அகலத்தில் 2.2 மில்லிமீட்டர் கூடும். நீங்கள் அளந்தது 2. அதே கணக்கில் கோட்டுப் பலகை 200 மில்லிமீட்டர் உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருக்க வேண்டும். மேல் ஓரத்தில் நிறம் கோட்டை எட்டாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

தேக்கு இந்த விஷயத்தில் நல்ல மரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருகிச் சுருங்குவதில் அது மற்ற பல மரங்களைவிட அடக்கமானது. மாமரத்தில் செய்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும், அதோடு ஆறு மாதத்தில் உளுத்தும் போயிருக்கும்.

பெரம்பூர் உளி | நவம்பர் 10, இரவு 8.10

ஐயா, மேல் ஓரத்தில் வானத்தின் நிறம் கோட்டுக்குக் கீழே ஒன்றேகால் மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது. பத்து நாட்களாக நான் அதைச் செதுக்கல் பிழை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலகைகளை வெயிலில் வைத்து ஜூன் நிலைக்குக் கொண்டுவர முடியுமா? மழை இரண்டு நாட்களாக விட்டிருக்கிறது.

இழைப்புளி | நவம்பர் 10, இரவு 8.25

வைக்கவே கூடாது. ஒரு முகம் சூடாகி மறுமுகம் குளிர்ந்திருந்தால் பலகை ஓடுபோல வளையும், ஓரங்களில் வெடிப்பு விழும். செதுக்கிய பலகையில் வெடிப்பு விழுந்தால் அதைச் சரிசெய்ய ஆளில்லை. மரத்தை அவசரப்படுத்தாதீர்கள். அது போன வழியிலேயே மெதுவாகத் திரும்பி வரும்.

ஏடு கட்டுபவன் | நவம்பர் 11, காலை 7.30

புத்தகம் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பசையைப் பற்றி ஒரு சொல். அரிசிப் பசையை முந்தைய நாள் காய்ச்சி வைக்கிறீர்களா? எங்கள் தொழிலில் மைதாப் பசை பூசணம் பிடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க மயில்துத்தம் சேர்ப்பது வழக்கம். அச்சுக்கு அதைச் சேர்க்காதீர்கள். துத்தம் அமிலத்தன்மை உடையது, நஞ்சும் கூட. பருத்தித் தாளின் ஆயுளை அது குறைக்கும். அரிசி மாவை அன்றன்று சிறிதளவு காய்ச்சி, இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் மாலை வரை புளிக்காது.

நனைத்த தாளுக்கும் இதே எச்சரிக்கைதான். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் தாளை இரண்டு மூன்று நாட்கள் ஈரத்தில் வைத்திருக்கலாம் என்று இருக்கும். நம் ஊரில் இரண்டாம் நாளே கரும்புள்ளி பூத்துவிடும். நனைத்த கட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

கடுக்காய் | நவம்பர் 11, பிற்பகல் 3.00

நான் துணி அச்சிலிருந்து வந்தவள். மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் கலம்காரித் துணிக்குத் தேக்கு அச்சுக்கட்டைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கட்டைகள் கையளவே இருக்கும். 100 மில்லிமீட்டர் கட்டை எவ்வளவு பெருகினாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நூறு முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிடும் கைக்கு அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளத் தெரியும். பெரிய படத்தை ஒரே பலகையில் செய்யாமல், சிறு கட்டைகளாகப் பிரிப்பதும் ஒரு வழியாகலாம்.

என் சோதனை ஒன்றையும் பகிர்கிறேன். துணியில் செய்வதைத் தாளில் செய்து பார்த்தேன். தாளைக் கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்தினேன். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்து எடுத்த நீரைப் பசையோடு கலந்து, மரக்கட்டையால் அச்சிட்டேன். பலகையில் தேய்க்கும்போது வெளிர்ந்த தேநீர் நிறம்தான். தாளில் பட்ட சில நொடிகளில் சாம்பலாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமையாகும் அந்தக் கணத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. கோட்டுப் பலகைக்கு இந்தக் கருமையை முயன்று பாருங்கள்.

ஏடு கட்டுபவன் | நவம்பர் 11, மாலை 6.45

கடுக்காய் அம்மா அவர்களின் கருமை அழகாகத்தான் இருக்கும். ஆனால் இதை நான் உறுதியாக மறுக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதப் பயன்பட்ட இரும்பு மையும் இதே வேதியியல்தான்: துவர்ப்பும் இரும்பும். அந்த மையில் எழுதிய ஏடுகளில் எழுத்து இருந்த இடம் மட்டும் பழுப்பேறி, நொறுங்கி, சல்லடையாகிப் போவதை ஏடு பாதுகாப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். துணியை ஓடும் நீரில் அலசி, மிஞ்சிய இரும்பையும் அமிலத்தையும் போக்கிவிடுகிறீர்கள். தாளை அப்படி அலச இயலாது. எல்லாம் உள்ளேயே தங்கிவிடும்.

கடுக்காய் | நவம்பர் 11, இரவு 9.20

அலச முடியாது என்பதை முழுமையாக ஏற்கமாட்டேன். கனமான பருத்தித் தாளை ஒரு வலைச் சட்டத்தில் கிடத்தி, தட்டு நீரில் மூன்று முறை அமிழ்த்தி எடுத்திருக்கிறேன். கருமை நகரவில்லை, தாளும் கிழியவில்லை. ஆயினும் எஞ்சும் இரும்பு ஐம்பது ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதில் நீங்கள் சொல்வதே சரி. விற்பனைக்கு எடுக்கும் பிரதிகளுக்கு இதைப் பரிந்துரைத்தது என் பிழை. சோதனைத் தாள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோட்டுக்கு விளக்குக் கரியில் செய்த மையே போதும்; கரி எதனோடும் வினைபுரியாது.

நிறமாலை | நவம்பர் 12, காலை 10.10

இதுவரை நாம் பலகையை எப்படி அடக்குவது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். முறையை மாற்றினால் என்ன?

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1890களின் இறுதியில் ஒரே பலகையை மெல்லிய ரம்பத்தால் உருவங்களின் எல்லைக்கோட்டிலேயே துண்டுதுண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே நிறமிட்டு, மீண்டும் சேர்த்து வைத்து ஒரே அழுத்தத்தில் அச்சிட்டார். பலகை ஒன்றே என்பதால் பெருகினாலும் எல்லாத் துண்டுகளும் சேர்ந்தே பெருகும். அவர் ரேகையை மறைக்கவும் முயலவில்லை. முத்தமிடும் இருவரின் அச்சில் பலகையின் ரேகைதான் பின்புலமாக நிற்கிறது. உங்கள் வானத்துக்குத் தேக்கின் ரேகை பொருந்துமா என்று யோசித்துப் பாருங்கள்.

மற்றொரு வழி ஒட்டுப்பலகை. அதில் அடுத்தடுத்த படலங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்று பெருக விரும்பினால் மற்றது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. விலகல் மிகவும் குறையும். நீர்நிறத்துக்கு என்றால் நீரைத் தாங்கும் பிசின் கொண்ட வகையாகக் கேட்டு வாங்குங்கள். மேல்படலம் மெல்லியதாக இருந்தால் நுண்கோடுகள் பெயர்ந்துவிடும் என்பது அதன் குறை. அகன்ற நிறப் பரப்புகளுக்கு ஒட்டுப்பலகையும், கோட்டுக்கு நல்ல மரமும் என்று பிரித்துக்கொள்பவர்கள் உண்டு.

மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையைப் பலர் பரிந்துரைப்பார்கள். நீர்நிறத்துக்கு அது ஆகாது. அறுத்த ஓரத்தில் நீர் பட்டால் ரொட்டிபோல உப்பும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசி அடைக்கலாம். அடைத்துவிட்டால் பலகை நிறத்தைப் பிடித்துக்கொள்ளாமல் முத்துமுத்தாகத் திரட்டும். எண்ணெய் மைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேய்க்கும்போது எழும் தூசியை மூச்சில் ஏற்காதீர்கள்.

மண்ணடி வாசகர் | நவம்பர் 12, இரவு 7.00

செதுக்குபவன் அல்லன், பழைய அச்சுகளைச் சேர்ப்பவன். இந்த நகரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் மரச்செதுக்குப் படங்கள் உண்டு. அவை ஈய எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் முடுக்கப்பட்டு அச்சாகின. அதற்காகக் கட்டையின் கனம் எழுத்தின் உயரத்துக்குச் சமமாக, அதாவது 0.918 அங்குலமாக இருக்க வேண்டும். ஒரே கறுப்பு, ஒரே கட்டை. நிறம் விலகும் துன்பம் அவர்களுக்கு இல்லை. ஆனால் மழைக்காலத்தில் கட்டை பெருகினால் உயரம் மாறி, படம் மட்டும் அழுந்தி எழுத்து மங்கியிருக்குமே என்று இந்த உரையாடலைப் படித்தபோதுதான் தோன்றியது. என்னிடமுள்ள சில பக்கங்களில் அப்படித்தான் இருக்கிறது. காரணம் இதுதானா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இழைப்புளி | நவம்பர் 13, காலை 6.30

தேக்கைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். அதில் மணற்சத்து உண்டு. உளியின் கூர் விரைவில் மழுங்கும். அதன் துளைகளும் பெரியவை. நுண்கோட்டுக்கு வெட்பாலை கிடைத்தால் பாருங்கள். சன்னப்பட்டணத்திலும் ஏடிகொப்பாக்காவிலும் மரப்பொம்மை கடைவது அந்த மரத்தில்தான். வெண்ணிறம், நெருக்கமான இழை. உளி எந்தப் பக்கம் போனாலும் பிசிறு எழாது. அகலமான பலகையாகக் கிடைக்காது என்பதுதான் தடை. வேம்பு வேண்டாம், அதன் இழைகள் பின்னிக்கொண்டிருப்பதால் ஒரு பக்கம் வழுக்கும் உளி, அடுத்த விரற்கடையில் பிய்த்துக்கொண்டு வரும்.

பெரம்பூர் உளி | டிசம்பர் 14, இரவு 10.05

ஒரு மாதமாகச் செய்தவற்றை எழுதுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினேன், அதனால்தான் தாமதம்.

வால்டாக்ஸ் சாலையில் ஒரு மரக்கடையில் தேக்குத் துண்டும், நீர் தாங்கும் ஒட்டுப்பலகையும் வாங்கினேன். வெட்பாலை அங்கே கிடைக்கவில்லை. பொம்மை கடையும் ஒருவரிடமிருந்து உள்ளங்கை அளவில் ஒரு துண்டு வந்தது. மூன்றிலும் ஒரே நங்கூரக் கயிற்றை, 1 மில்லிமீட்டர் கோடாகச் செதுக்கினேன். ஒட்டுப்பலகையில் கயிறு ரேகைக்குக் குறுக்கே வளையும் இடத்தில் இரு முறையும் மேல்படலம் பெயர்ந்தது. தேக்கில் கோடு நின்றது. ஆனால் அச்சில் கோட்டின் நடுவே மரத்துளைகள் ஊசிமுனை அளவு வெள்ளைக் கீறல்களாக விழுந்தன. வெட்பாலையில் கயிற்றின் முறுக்கைக்கூடக் காட்ட முடிந்தது. அந்தச் சிறு துண்டை அச்சிட்டுத் தாளை உரித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெரிய அளவில் வெட்பாலை கிடைக்காததால், கோட்டுப் பலகையை மீண்டும் தேக்கிலேயே செதுக்க முடிவு செய்தேன். இம்முறை ரேகை நிறப் பலகைகளைப் போலவே மேலிருந்து கீழாக. பழைய கோட்டுப் பலகையிலிருந்து வரைவை நகலெடுத்தால் பழைய பிழையும் உடன் வரும் என்பதால், மூன்று நிறங்களையும் இன்றைய நிலையில் ஒரே தாளில் அச்சிட்டு, அதன் மீது பாலியெஸ்டர் படலத்தை விரித்துக் கோடுகளை அந்த நிறங்களின் எல்லைக்கு ஏற்பத் திருத்தி வரைந்தேன். தாளைப் போல அந்தப் படலம் காற்றின் ஈரத்துக்கு விரிவதில்லை. செதுக்கி முடிக்க பதினாறு நாட்கள் ஆயின.

நேற்று அச்சிட்டேன். எதிர்மூலையில் விலகல் கால் மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டது. வானத்தை மட்டும் தனியே ஒட்டுப்பலகையில் செய்தேன்; காரணம், தேக்கில் அச்சிட்டபோது அதன் ரேகை அழகாக இருந்தாலும் அது காசிமேட்டின் வானமாக இல்லை. மழை பெய்துகொண்டிருப்பதுபோல இருந்தது. நிறமாலை அவர்கள் சொன்ன மூங்க் முறையை அடுத்த படத்துக்கு வைத்திருக்கிறேன்.

அழுத்தும் கருவியைப் பற்றியும் ஒரு செய்தி. ஜப்பானிய பாரெனில் கயிற்றுச் சுருளின் மேல் மூங்கில் மடலைப் போர்த்துவார்கள். நான் தேங்காய் நார்க் கயிற்றைச் சுருட்டி, அதன் மேல் ஊறவைத்த பாக்குமட்டையை இழுத்துக் கட்டினேன். முதல் நாள் மட்டையின் நரம்புகள் தாளின் முதுகில் கோடு கிழித்தன. நரம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, துளி தேங்காய் எண்ணெய் தடவிய பிறகு நன்றாக வழுக்குகிறது. ஏறத்தாழ முப்பது அச்சுகளுக்கு ஒரு மட்டை தாங்குகிறது.

நிறமாலை | டிசம்பர் 15, காலை 7.20

மனமார்ந்த வாழ்த்துகள். எண்ணெயில் கவனமாக இருங்கள். மட்டையிலிருந்து தாளுக்கு இறங்கினால் கறை நிற்கும். இடையில் ஒரு மெல்லிய தாளை வைத்துத் தேயுங்கள். நீலம் எது? பிரஷ்ய நீலமென்றால் சுண்ணாம்பு வெள்ளையோடு கலக்காதீர்கள், காரம் பட்டால் அது பழுப்பாகிவிடும்.

பெரம்பூர் உளி | டிசம்பர் 15, காலை 7.45

பிரஷ்ய நீலம்தான். கலக்கவில்லை, வெண்மை வேண்டிய இடத்தில் தாளையே விட்டுவிட்டேன்.

இழைப்புளி | டிசம்பர் 15, மாலை 5.30

தம்பி, நான்கு பலகைகளையும் படுக்கைவாட்டில் அடுக்காமல், காற்று இரு முகத்திலும் படும்படி நிற்க வைத்துவிடுங்கள். சித்திரையில் ஒருமுறை அச்சிட்டு, அந்தத் தாளை நேற்று எடுத்த தாளோடு வைத்து அளந்து இங்கே எழுதுங்கள். நான்கும் சேர்ந்து சுருங்கியிருக்கும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆவல்.